‘இத்தனை வயது வரை ஏன் தனியாக இருந்தாள்?’

கேள்வி: எங்கள் சொந்த ஊர் திருச்சி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே கமிங் என்ற ஊரில் வீடு வாங்கிப் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். ஒரே மகன். வயது 33. மென்பொருள் துறையில் வேலை. நகரத்துக்குள் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறான். கறுப்பினப் பெண் ஒருத்தியோடு இரண்டு ஆண்டுகளாகப் பழகி வருகிறான் என்பதும், அவளையே மணக்க விரும்புகிறான் என்பதும் ஆறு மாதத்துக்கு முன்புதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்கு முன் ஒரு பொங்கல் விழாவில் அவளைப் பார்த்திருக்கிறோம். ‘தெரிந்தவர்’ என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அவள் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். சொந்த வீடு இருக்கிறது. வயது 36. முன்பு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து முறிந்துவிட்டதாம். எனக்கு நிறம் ஒரு பொருட்டல்ல. ஆனால் படித்து, சம்பாதித்து, லட்சணமாகவும் இருக்கிற பெண் இத்தனை வயது வரை ஏன் தனியாக இருந்தாள்? அவர்கள் இனத்திலேயே யாரும் ஏன் கட்டிக்கொள்ளவில்லை? கோபக்காரியாக இருப்பாளோ? கறுப்பினப் பெண்களில் பாதிப் பேர் திருமணமே செய்துகொள்வதில்லை, அவர்களுக்குக் குடும்ப வாழ்க்கையில் நாட்டமில்லை என்று என் தோழி ஒருத்தி சொல்கிறாள். இனிமேல் குழந்தை பிறக்குமா என்ற கவலையும் இருக்கிறது.

சென்ற மாதம் அவளையும் அவள் தாயையும் மதிய விருந்துக்கு அழைத்தோம். தாய் அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபதைக் கடந்தவர். ‘கமிங்கிலா?’ என்று கேட்டாராம்; வரவில்லை. பெண் மட்டும் வந்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் காபி குடிக்கக்கூட நிற்காமல், இருட்டும் முன் கிளம்பிவிட்டாள். எங்களை மதிக்காதவர்களோடு எப்படிச் சம்பந்தம் செய்வது?

— ஒரு தாய், ஜார்ஜியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றவற்றைப் பேசுவது எளிது.

‘கமிங்கிலா?’ என்று அந்த அம்மாள் கேட்டதில் உங்களுக்கு அலட்சியம் தெரிந்திருக்கிறது. எனக்கு அச்சம் தெரிகிறது. நீங்கள் குடியிருக்கும் கமிங், ஃபோர்சைத் கவுண்டி என்ற மாவட்டத்தின் தலைமையிடம். 1912 செப்டம்பரில் அந்தக் கவுண்டியில் ஓர் இளம் வெள்ளையினப் பெண் தாக்கப்பட்டுப் பின்னர் இறந்துபோனார். சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்ட ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து கொன்று, ஊர் நடுவே தொங்கவிட்டது. பதின்வயதினர் இருவர்மீது அவசர அவசரமாக வழக்கு நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று பார்க்க அவர்களைத் தூக்கிலிட்டார்கள். அத்துடன் ஆத்திரம் தீரவில்லை. இரவுகளில் கும்பல்கள் குதிரையேறி வந்து வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தின. அந்தக் கவுண்டியில் வாழ்ந்த ஏறத்தாழ 1,100 கறுப்பின மக்களும் உழுத நிலத்தையும் கட்டிய வீட்டையும் விட்டுவிட்டு ஓடினார்கள்.

அதற்குப்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கறுப்பினத்தவர் என்று சொல்ல ஆளே இல்லை. 1987 ஜனவரியில் ஒரு சிறு அமைதி ஊர்வலம் அங்கே போனபோது கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு மறுபடியும் நடந்தார்கள். ஓப்ரா வின்ஃப்ரே தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியை அந்த ஊருக்கே கொண்டுவந்து நடத்தியதும் அப்போதுதான்.

உங்கள் மகன் விரும்பும் பெண்ணின் தாய்க்கு அன்று இருபது வயதுக்கு மேல் இருந்திருக்கும். ஒரு மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் இருக்கக்கூடாத ஊர்கள் என்று அந்த நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. எந்த ஊரில் சூரியன் மறைவதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். விருந்துக்கு வந்த பெண் மாலையில் கிளம்பியதற்குக் காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மறுநாள் அதிகாலை வேலையாகக்கூட இருக்கலாம். ஆனால் தாய் வர மறுத்த ஊருக்கு மகள் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மரியாதைக் குறைவாக எனக்கு அது படவில்லை.

நீங்கள் அங்கே வீடு வாங்கும்போது நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா, நம்மவர் இருக்கிறார்களா, இந்தியக் கடை எவ்வளவு தூரம் என்று விசாரித்திருப்பீர்கள். இன்று இந்தியக் குடும்பங்கள் நிறைந்த இடம்தான் அது. 1912 பற்றி வீடு விற்றவர் யாரும் சொல்லியிருக்க மாட்டார். இனி உங்களுக்குத் தெரியும்.

இப்போது 36 வயதுக்கு வருகிறேன்.

உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை என்பதுதான் சிக்கல். அமெரிக்கக் கணக்கெடுப்பில், ஒருமுறைகூடத் திருமணம் ஆகாதவர் என்று பதிவாகும் கறுப்பினப் பெண்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். ஆனால் அந்தக் கணக்கு 15 வயதிலிருந்து தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையையும் ‘மணமாகாதவர்’ பட்டியலில் சேர்த்துவிட்டுப் பதறினால் எப்படி? நாற்பதைத் தாண்டிய பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூன்றில் ஏறக்குறைய இரண்டு பேர் ஒருமுறையாவது மணந்தவர்கள். அதே வயதில் வெள்ளையினப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் மணந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. இடைவெளி இருக்கிறது; பெரிய இடைவெளி. அது எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

குடும்ப நாட்டம் இல்லாததால் வந்தது என்று சொல்பவர்கள் வரலாற்றைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அடிமைக் காலத்தில் கறுப்பினத்தவரின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவனை ஒரு சந்தையிலும் மனைவியை இன்னொரு சந்தையிலும் விற்க முதலாளிக்கு உரிமை இருந்தது. அதனால் அவர்களுக்கு மணம் செய்துவைத்தவர்கள் ‘சாவு பிரிக்கும் வரை’ என்ற உறுதிமொழியைக்கூட ‘சாவோ தூரமோ பிரிக்கும் வரை’ என்று மாற்றிச் சொல்லவைத்ததுண்டு. 1865இல் விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? கூட்டங்கூட்டமாகப் போய்த் தங்கள் திருமணங்களைப் பதிவு செய்தார்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன கணவனையும் மனைவியையும் தேடிப் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட இளம் வயதிலேயே மணந்துகொண்டார்கள். இவர்களுக்கா குடும்பத்தில் நாட்டமில்லை?

நிலைமை மாறியது அதற்குப் பிறகுதான். 1970களிலிருந்து டெட்ராய்ட், சிகாகோ போன்ற நகரங்களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பள்ளிப் படிப்போடு குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்த கறுப்பின ஆண்களின் வேலைகள்தாம் முதலில் போயின. பிறகு 1986ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தது. ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் புழங்கிய ‘கிராக்’ வகைக் கொக்கேன் 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. வசதி படைத்தவர்களிடம் புழங்கிய தூள் கொக்கேனுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதம் 2010 வரை சட்டமாகவே இருந்தது. அதன்பின்னும் ஒன்றுக்குப் பதினெட்டு என்றுதான் குறைந்தது. ஒரு தலைமுறை இளைஞர்கள் மணமேடைக்குப் போகும் வயதில் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. போதாதற்கு இளம் வயது மரணங்கள்.

2015இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு கணக்கு வெளியிட்டது. 25 முதல் 54 வயதுக்குள், சிறைக்கு வெளியே வாழும் கறுப்பினப் பெண்கள் 100 பேருக்குக் கறுப்பின ஆண்கள் 83 பேர்தான் இருந்தார்கள். வெள்ளையினத்தில் அது 100க்கு 99. மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் ஊரில் 100 பெண்களுக்கு வெறும் 60 ஆண்கள். பந்தியில் நூறு பேர் உட்கார்ந்திருக்க எண்பத்து மூன்று இலை மட்டும் போட்டுவிட்டு, சாப்பாடு கிடைக்காமல் எழுந்தவரைப் பார்த்து ‘உன்னிடம் என்ன குறை?’ என்று கேட்பீர்களா?

அந்த 83 பேரும் கிடைப்பார்களா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பெறும் இளங்கலைப் பட்டங்களில் மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு பெண்கள் பெறுபவை. தனக்கு நிகராகப் படித்த கறுப்பின ஆண்தான் வேண்டும் என்று ஒரு மருந்தாளுநர் நினைத்தால் கணக்கு இன்னும் குறுகிவிடும். அதோடு, 2015இல் புதிதாக மணந்த கறுப்பின ஆண்களில் 24 விழுக்காட்டினர் வேற்றினத்தில் மணந்திருந்தார்கள். பெண்களில் 12 விழுக்காடுதான். எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் ஆண், தனக்கு அவசரமில்லை என்பதை நன்றாக உணர்ந்திருப்பான். பல ஆண்டுகள் பழகிவிட்டுத் தேதி குறிக்காமலே நழுவும் ஆண்களைப் பற்றி அட்லாண்டாவில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணின் முறிந்த நிச்சயதார்த்தம் அந்த வகையா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் மகனுக்குத் தெரிந்தால் போதும்.

‘அப்படியானால் வேற்றினத்தில் தேடியிருக்கலாமே’ என்று கேட்பீர்கள். ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளம் 2009லும் 2014லும் தன் பயனாளர்களின் போக்கை வெளியிட்டது. கறுப்பினமல்லாத ஆண்கள், எந்த இனத்தவராக இருந்தாலும், பெரும்பாலும் கறுப்பினப் பெண்களையே கடைசியில் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் 2009ஆம் ஆண்டுக் கணக்கில், தமக்கு வந்த கடிதங்களுக்கு அதிகமாகப் பதில் எழுதியவர்கள் கறுப்பினப் பெண்கள்தாம். இதைப் படிக்கும் நம்மவர்கள் ‘அமெரிக்கர்கள் அப்படித்தான்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடக்கூடாது. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாங்கியவர்கள் நாம்.

சட்டமும் தன் பங்குக்குச் செய்தது. 1967 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் தடுக்கும் வரை, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் மணந்துகொள்வது 16 மாநிலங்களில் குற்றம். உங்கள் ஜார்ஜியா அவற்றில் ஒன்று. பக்கத்து மாநிலமான அலபாமாவில் 1960களில் இன்னொரு விதி இருந்தது. அரசு உதவி பெறும் ஏழைத் தாயின் வீட்டுக்கு ஓர் ஆண் வந்துபோனால், அவள் பிள்ளைகளின் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள். வாசலில் ஆணின் செருப்பைக் கண்டால் பிள்ளையின் சோற்றை நிறுத்தும் விதி! 1968இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்படியெல்லாம் ஆண்களை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிறகு ‘இவர்கள் வீட்டில் ஆண் துணையே இல்லை’ என்று அறிக்கை எழுதியவர்களும் அந்த நாட்டில் உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு ‘ஐயோ பாவம், அந்தப் பெண் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள்’ என்று இரக்கப்படத் தொடங்கிவிடாதீர்கள். சந்தேகத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், மாமியாரின் இரக்கத்தைத் தாங்குவது அதைவிடக் கடினம். 36 வயது வரை அவர் யாருக்காகவும் ஜன்னலோரம் காத்துக்கொண்டிருக்கவில்லை. படித்திருக்கிறார், தொழிலில் நிலைத்திருக்கிறார், வீடு வாங்கியிருக்கிறார். அவருக்கென்று தோழிகள், தேவாலயம், கல்லூரிக் காலத்துச் சகோதரிச் சங்கம் என்று ஒரு வட்டம் நிச்சயம் இருக்கும். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற சங்கங்களில் கல்லூரி முடிந்தாலும் உறவு முடிவதில்லை. சாகும் வரை தொடரும். மகப்பேற்றுக்கும் வருவார்கள், மரணத்துக்கும் வருவார்கள். தனியாக வாழ்வது வேறு, துணையற்று வாழ்வது வேறு என்பதை அந்தப் பெண்களைப் பார்த்தே நான் அறிந்துகொண்டேன். திருமணமே வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காண்டலீசா ரைஸ் மணந்துகொள்ளவே இல்லை. அவரிடம் யாரும் போய் என்ன குறை என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தின் உறுப்பினர் ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும்: கமலா ஹாரிஸ். தமிழ்த் தாய்க்கும் ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பினத் தந்தைக்கும் பிறந்தவர். கறுப்பினப் பெண்ணாகவே தம்மை உணர்ந்து வளர்ந்தவர். அவர் முதன்முதலாகத் திருமணம் செய்துகொண்டது 2014இல்; அப்போது அவருக்கு வயது 49. துணை அதிபர் தேர்தலில் அவர் வென்றபோது, தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள், கோலம் போட்டார்கள், கோயிலில் பூசை செய்தார்கள். ‘49 வயது வரை ஏன் தனியாக இருந்தாள்?’ என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. பதவி கிடைத்தால் பேத்தி, மருமகளாக வந்தால் சந்தேகமா? கமலாவின் தாய் சியாமளா டொனால்ட் ஹாரிஸை மணந்தது 1963இல். தெற்கு மாநிலங்களில் கலப்பு மணத் தடைகள் அமலில் இருந்த காலம் அது. அந்த மணவாழ்வு சில ஆண்டுகளில் முறிந்துபோனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேற்றினத்தில் மணந்தால் எல்லாம் இனிதாக முடியும் என்று உங்களுக்கு உறுதிகொடுக்க எனக்கு அதிகாரமில்லை. சொந்த அத்தை மகனுக்கே அந்த உறுதியை யாரும் கொடுத்ததில்லை.

‘எனக்கு நிறம் ஒரு பொருட்டல்ல’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதே வயதில், இதே படிப்போடு நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி மணமாகாமல் இருந்தால் என்ன சொல்வோம்? செவ்வாய் தோஷம், விசா இழுபறி, மேற்படிப்பு, நல்ல வரன் அமையவில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். அத்தனையும் வெளியிலிருந்து வந்த காரணங்கள். கறுப்பினப் பெண் என்றதும் காரணம் அவருடைய குணத்துக்குள் போய்விடுகிறது: கோபக்காரியோ?

இந்தக் ‘கோபக்காரி’ பட்டம் நூறாண்டுப் பழசு. வானொலி நாடகங்களும் தொலைக்காட்சியும் கறுப்பினப் பெண்ணைக் கணவனை வாட்டும் வாயாடியாகவே காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டன. அலுவலகத்தில் சாதாரணமாக மறுப்புச் சொன்னால்கூட ‘ஏன் கோபப்படுகிறாய்?’ என்று கேட்கப்படுகிறவர்கள் அவர்கள். அதனால் பலர் பொது இடங்களில் குரலையும் முகத்தையும் அளந்தே வைத்துக்கொள்கிறார்கள். அந்த மதிய விருந்தில் ‘நன்றாகத்தான் பேசினாள்’ என்கிறீர்கள். எவ்வளவு கவனமாகப் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மறுபக்கமாக ‘நீ எவ்வளவு வலிமையான பெண்!’ என்று புகழும் வழக்கமும் உண்டு. அதையும் தவிருங்கள். வலிமையானவள் என்று சொல்லிச் சொல்லியே ஒருத்திமீது எல்லாச் சுமையையும் ஏற்றலாம். நம் வீட்டு மூத்த பெண்களுக்கு இது புதிதல்ல.

குழந்தை பற்றிய கவலை. 36 வயதில் கருத்தரிப்பது இன்று அபூர்வமல்ல. அதற்கு மேல் அது மருத்துவரும் அவர்கள் இருவரும் பேச வேண்டியது; நீங்கள் கேட்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு வேறொரு கவலையைக் கொடுக்கிறேன், அது பயன்படும். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புக்கு இறந்துபோன வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர், கறுப்பினத் தாய்மார் 69.9 பேர். படிப்போ வசதியோ இதிலிருந்து முழுதாகக் காப்பாற்றுவதில்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் பிரசவத்துக்குப் பின் நுரையீரலில் இரத்தக்கட்டி ஏற்பட்டு மூச்சுத் திணறியபோது, ஸ்கேன் எடுங்கள் என்று தானே வற்புறுத்த வேண்டியிருந்ததைப் பின்னர் சொன்னார். உலகப் புகழ்பெற்ற அவருக்கே அந்த நிலை. நாளை உங்கள் மருமகள் மருத்துவமனையில் ‘வலிக்கிறது’ என்றால், அதை மருத்துவர் காதில் விழவைக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அங்கே உங்கள் பிடிவாதம் மிகவும் உதவும்.

உங்கள் மகனிடமும் எனக்கு ஒரு கண்டனம் உண்டு. ஒன்றரை ஆண்டுகள் மறைத்துவைத்தார். பொங்கல் விழாவுக்கு அழைத்துவந்து, பெற்றோர் முன்னால் ‘தெரிந்தவர்’ என்றார். அவருக்கு அது உங்கள்மேல் உள்ள பயம். அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். தனிமையில் காதலியாகவும் சபையில் அறிமுகமானவராகவும் நடத்தப்படுவது கறுப்பினப் பெண்களுக்கு மிகப் பழைய காயம். அவர் அதைப் பொறுத்துக்கொண்டு திரும்பவும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மகன் இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று ஒருநாள் தனியாகக் கேளுங்கள். இரண்டாவதாக, ஊரிலிருந்து வரும் பெரியப்பாவோ அத்தையோ நிறத்தைப் பற்றி வாய்விட்டால் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டியது மகனின் கடமை. ‘அவர்கள் வயதானவர்கள், கண்டுகொள்ளாதே’ என்று மனைவியிடம் வந்து சமாதானம் சொல்வது கடமை ஆகாது.

இனி என்ன செய்யலாம்? மறுபடி விருந்துக்கு அழைக்காதீர்கள். நீங்களே அந்த அம்மாள் வீட்டுக்குப் போங்கள். பெண் கேட்டுப் போவது நமக்குத் தெரியாத வழக்கமா? ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்தபின் என்றால் அவர்களுக்கு வசதியாக இருக்கும்; மகன் மூலம் கேட்டு நாள் குறியுங்கள். அவரை வெறும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெரியவர்களுக்கு மரியாதைச் சொல் மறுக்கப்பட்ட காலம் அவர்கள் நினைவில் இருக்கிறது. 1963இல் அலபாமா நீதிமன்றம் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்ற உரிமைப் போராளி, தம்மை ‘மேரி’ என்று மட்டும் அழைத்த அரசு வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல மறுத்தார். வெள்ளையினப் பெண்களை அழைப்பது போல ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைத்தால்தான் பேசுவேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டுக்காக ஊரில் சண்டையே போட்டவர்கள் நாம். நமக்கு இது புரியாமல் போகாது. குடும்பப் பெயரோடு ‘மிஸஸ்’ சேர்த்துச் சொல்லுங்கள். பழகியபின் அவரே பெயருக்கு முன் ‘மிஸ்’ சேர்த்து அழைக்கச் சொன்னால் அது அங்கே நெருக்கத்தின் அடையாளம்.

அந்த வீட்டில் கமிங் பேச்சு வந்தால், ‘எங்களுக்கு அந்த வரலாறு தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துகொண்டோம்’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெண்ணின் கூந்தலைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ‘அவிழ்த்துவிட்டால் எவ்வளவு நீளம் வரும்?’ என்றும் கேட்காதீர்கள். பணம், வீடு பற்றி அவர் திருமணத்துக்கு முன்பே எழுத்துமூலம் ஒப்பந்தம் வேண்டும் என்றால் முகம் சுளிக்காதீர்கள். சொந்த உழைப்பில் வாங்கிய வீடு அது. உங்கள் மகள் வாங்கியிருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

திருமணம் வரை போனால் ஒரு துடைப்பம் வரலாம். இப்போதே சொல்லிவைக்கிறேன், மண்டபத்தில் நீங்கள் மயங்கி விழக்கூடாது. மணமக்கள் தரையில் வைத்த துடைப்பத்தைக் கைகோத்துத் தாண்டுவது கறுப்பினத் திருமணங்களில் பலர் போற்றும் சடங்கு. துடைப்பத்தை மிதிக்காதே, தாண்டாதே என்று நம் பாட்டிகள் அதட்டி வளர்த்ததெல்லாம் எனக்கும் தெரியும். சட்டம் அவர்களை மணமக்களாக ஏற்க மறுத்த காலத்தில், பத்திரமும் பதிவும் இல்லாதவர்கள், ஊரார் பார்க்கத் தாண்டிக் காட்டிய கோடு அது. அவர்களுக்கு அதில் இருப்பது மூதாதையரின் ஆசி. ரிப்பன் கட்டி அலங்கரித்துத்தான் வைப்பார்கள். தாலி கட்டி முடிந்ததும் தாண்டட்டும். உங்கள் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. ஜார்ஜியா மாநிலத்தில், திருமணத்துக்கு முந்திய ஆலோசனை வகுப்பை ஆறு மணி நேரம் முடித்துச் சான்றிதழ் காட்டினால் திருமண உரிமக் கட்டணத்தில் சலுகை தருகிறார்கள். தகுதிபெற்ற ஆலோசகரிடமும் போகலாம். பெண்ணின் தேவாலயப் போதகரிடமும் போகலாம். கட்டணம் மிச்சமாவது பெரிதல்ல. பிள்ளை வளர்ப்பு, மதம், கடன், வயதான பெற்றோர் யாரோடு இருப்பது என்று உங்கள் மகன் இதுவரை தள்ளிப்போட்ட பேச்சுகளையெல்லாம் அந்த ஆறு மணி நேரத்தில் பேசியாக வேண்டும். அவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அறைக்குள் அவர்கள் இருவர் மட்டும் போனால் போதும். நீங்கள் காரில்கூடக் காத்திருக்க வேண்டாம்.